தூணாகாத மரம்: முள்முருக்கின் இயல்பும் பயனும்

முள்முருக்கு அவரைக் குடும்பத்து மரம். விரைந்து வளரும், வரட்சிக் காலத்தில் இலை உதிர்க்கும், இலையற்ற கொப்புகளில் செக்கச்செவேலெனப் பூக்கும். அம்பாறைக் கரையோரத்தில், தம்பிலுவில், திருக்கோவில் தொடங்கி அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை வரை, இதைத் தனிமரமாகக் கண்டவர்களைவிட வேலியில் வரிசையாக நின்ற கதியாலாகக் கண்டவர்களே அதிகம். ஆட்டுக்குக் குழையும், கல்யாண வீட்டுக்குக் கன்னிக்காலும் கொடுத்த இந்த மரம் மரக்காலைக்கு மட்டும் போனதில்லை. ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்ற பழமொழி கறிமுருங்கையைப் பற்றியது. ஆனாலும் பெயரால் நெருங்கிய, மென்மையிலும் அதற்கு ஒப்பான முள்முருக்குக்கும் அது அப்படியே பொருந்தும். இந்த மரம் தூணாகாது என்பது உண்மை. தூணாவது ஒன்றே மரத்தின் வேலை என்று கொள்வதுதான் பிழை. பாரம் தாங்குவதற்கு ஒரு மரம் வேண்டும்; பாரமாக இல்லாதிருப்பதற்கு வேறொரு மரம் வேண்டும். முள்முருக்கு இந்த இரண்டாவது வேலைக்கு உரியது.

பெயரும் பிறப்பிடமும்

தமிழ்நாட்டில் இது கல்யாண முருங்கை, முள்முருங்கை. சிங்களத்தில் எறபது. சங்க இலக்கியத்தில் கவிர் என்று வருவது இம்மரமே என்பர். தாவரவியலில் இதன் பெயர் எரித்ரினா வேரிகேட்டா. லின்னேயஸ் 1754இல் சூட்டிய பெயர் அது. எரித்ரோஸ் என்ற கிரேக்கச் சொல் சிவப்பைக் குறிக்கும். இந்தப் பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவை வெப்பவலயம் முழுவதும் பரவியிருக்கின்றன. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட டடப் மரங்களும் இதே பேரினத்தவை.

ஆபிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கி, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாகப் பசிபிக் தீவுகள் வரை கடலோரங்களில் முள்முருக்கு இயல்பாக வளர்கிறது. இவ்வளவு தூரம் இதைக் கொண்டுபோனது கடல். கருஞ்சிவப்பான, தடித்த தோலுடைய விதை உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. மணற்பாங்கான நிலமும் உப்புக்காற்றும் இதற்கு இடைஞ்சல் அல்ல. கிழக்குக் கரையோரத்தில் இம்மரம் தாராளமாக வளர்ந்ததற்குக் காரணம் இதுவே.

நன்கு வளர்ந்த மரம் 15 முதல் 20 மீற்றர் வரை உயரும். சாம்பலும் பச்சையும் கலந்த இளம் பட்டையில் கூம்பு வடிவான கரிய முட்கள் இருக்கும். மரம் முற்ற முற்ற அடிமரத்து முட்கள் உதிர்ந்துவிடும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். கிழக்கில் மாரிமழை ஓய்ந்ததும் இலைகள் கொட்டத் தொடங்கும். மாசி, பங்குனியில் பூ வரும். மைனா, காகம், தேன்சிட்டு முதலியவை தேனுக்காக இப்பூக்களை மொய்க்கும். மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் பறவைகளால்தான் நடக்கிறது. சிங்கள மக்கள் எறபது பூப்பதைச் சித்திரைப் புத்தாண்டின் அறிகுறியாகக் கொள்வர்.

பாரம் ஏன் குறைவு

எந்த மரத்தை எடுத்தாலும் அதன் கலச்சுவர் ஏறத்தாழ ஒரே கனமானது. துளையே இல்லாத வெறும் கலச்சுவரால் ஒரு கட்டை செய்ய முடிந்தால், அதன் ஒரு கன மீற்றர் 1500 கிலோ அளவில் நிறுக்கும். அது எந்த மரத்தின் கட்டையானாலும் நீரில் தாழும். ஒரு மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் இடையிலான எடை வேறுபாடு, சுவருக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள பங்கீட்டில்தான் இருக்கிறது. உலர்ந்த முள்முருக்கு கன மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிலோ நிறுக்கும். அப்படியானால் அந்தக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கே மரம். மீதி நான்கு பங்கும் காற்று.

மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். தேக்கு சுமார் 650 கிலோ. அம்பாறைக் காடுகளிலும் வன்னிக் காடுகளிலும் நிற்கும் பாலை 1000 கிலோவைத் தாண்டுவதால் ஆற்றில் போட்டால் அடியில் போய்விடும். கருங்காலியும் அப்படித்தான். மலைவேம்பு 400 கிலோவை ஒட்டியது. உலகச் சந்தையில் விற்பனையாகும் மரங்களில் மிக இலேசானதென்று பெயர்பெற்ற, தென்னமெரிக்காவின் பால்சா 160 கிலோ அளவில் நிற்கும். இந்த ஏணியில் முள்முருக்கின் இடம் பால்சாவுக்கு மேலே, மலைவேம்புக்குக் கீழே.

கலங்களின் அமைப்பு இந்த இலேசுக்கு மட்டுமன்றி மரத்தின் மற்றக் குணங்களுக்கும் காரணமாகிறது. முள்முருக்கின் குறுக்குவெட்டை உருப்பெருக்கியால் பார்த்தால், மெல்லிய சுவருடைய சேமிப்புக் கலங்கள் அகலமான பட்டைகளாகவும், நார்க்கலங்கள் அவற்றுக்கிடையே ஒடுங்கிய பட்டைகளாகவும் மாறிமாறி அடுக்கியிருக்கும். சேமிப்புக் கலங்களில் மாப்பொருளும் நீரும் தங்கும். வேலியில் வெட்டி நட்ட தடி வேர்விடும் முன்பே தளிர்ப்பது இந்தச் சேமிப்பை வைத்துத்தான். இலை உதிர்த்து நிற்கும் வெறுமரம் பூத்துக் குலுங்குவதும் இதனாலேயே. உயிருள்ள மரத்துக்கு உணவுக் கிடங்காக இருந்த அதே கலங்கள், வெட்டிய பின் வெற்றிடமாகி மரத்தை இலேசாக்குகின்றன. விரைந்து வளர்வதும், தடியாய் நட்டாலே பிழைப்பதும், பாரம் குறைவதும் ஒரே காரணத்தின் மூன்று விளைவுகள்.

உளிக்கும் ஆணிக்கும்

மரத்தின் நிறம் வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளை. வைரம் என்று தனியே பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. நடுவும் ஓரமும் ஒரே நிறம். வாசனையோ சுவையோ குறிப்பிடும்படி கிடையாது. உளிக்கு வெண்ணெயாய் இடம்கொடுக்கும். நகத்தால் அழுத்தினாலும் தடம் பதியும். வாளால் அரிவது எளிது, ஆனால் அரிந்த முகத்தில் நார் பஞ்சுபோல எழும்பி நிற்கும். இழைப்புளி நன்றாகத் தீட்டப்பட்டிருந்தாலன்றி மென்மையான பட்டைகள் பிய்ந்துவரும். எனவே இதை இழைத்து மினுக்குவதைவிடச் செதுக்கி, உப்புத்தாள் பிடித்து, மேலே வண்ணமோ அரக்கோ பூசுவதே வழக்கம்.

ஆணி சுலபமாக இறங்கும், அவ்வளவு சுலபமாகக் கழன்றும் வரும். வளைக்கும் சுமைக்கும் நசுக்கும் சுமைக்கும் இம்மரம் நிற்காது. கூரை மரம், கதவு நிலை, கட்டில் கால் என எதற்கும் இதை நம்ப முடியாது.

இவற்றைவிடப் பெரிய குறை உழுத்துப்போவது. கலங்களில் தங்கும் மாப்பொருள் பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து. வெட்டிய மரத்தைப் பட்டையோடு ஈர மண்ணில் போட்டுவைத்தால் சில நாட்களிலேயே நீலம் பாரித்துவிடும். சில கிழமைகளில் துளையிடும் வண்டு புகுந்துவிடும். கறையானுக்கும் இது தடையில்லாத இரை. விறகாக எரித்தால் புகை மிகும், தணல் நிற்காது. ‘முருக்கை வெட்டி அடுப்பில் வைப்பதும் ஒன்று, வைக்காமல் விடுவதும் ஒன்று’ என்று வீட்டுப் பெண்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

இத்தனை குறைகளும் உண்மை. ஆயினும் இவை எல்லாம் நிலத்தில் ஊன்றி, சுமை ஏற்றி, மழையில் நனையவிட்டு நெடுநாள் வைத்திருக்கும் வேலைகளில் மட்டுமே குறைகள். மிதக்கவும், சுமக்கவும், செதுக்கவும் வேண்டிய வேலைகளில் அளவுகோலே வேறு.

கடலில்

நீரில் ஒரு பொருள் மிதப்பதற்கான கணக்கு எளிது. ஒரு கன மீற்றர் கடல்நீரின் எடை சுமார் 1025 கிலோ. அதே பருமனுள்ள உலர்ந்த முள்முருக்கு 300 கிலோ. ஆகவே வெறும் கட்டையைக் கடலில் விட்டால் பத்தில் மூன்று பங்கே நீருக்குள் இருக்கும். ஏழு பங்கு மேலே தெரியும். மூன்று மீற்றர் நீளமும் முப்பது சென்ரிமீற்றர் குறுக்களவும் உள்ள ஒரு கட்டை தன் எடையான 64 கிலோவுக்கு மேலாக இன்னும் சுமார் 150 கிலோவைத் தாங்கிய பின்பே முழுதாய் நீருள் அமிழும். இரண்டு ஆட்களின் எடை அது. அதே அளவான தேக்குக் கட்டை இதில் பாதியளவே தாங்கும். பாலைக் கட்டையோ தன்னையே தாங்காது.

கட்டுமரம் இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டது. கட்டுமரத்துக்கு உள்ளறை இல்லை. நீரை இறைத்து வெளியேற்றும் வேலை இல்லை. அலை ஏறி வழிந்து போகும். மிதப்பு முழுவதும் மரத்தின் இலேசிலேயே தங்கியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் முருக்கு, மலைவேம்பு, தணக்கு, இலவு, அல்பீசியா ஆகிய மென்மரங்களைக் கட்டுமரத்துக்கு எடுத்தனர். இந்திய, இலங்கை மரக்கலங்களை ஆராய்ந்து 1920இலும் 1943இலும் எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல் இந்த மரபை விரிவாகப் பதிந்திருக்கிறார். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் கட்டமரான் ஆனது. ஆனால் இன்று உலகம் அப்பெயரால் அழைப்பது இரட்டை உடல் கொண்ட வேறு வகைப் படகை.

மென்மரம் நீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சப் பாரம் ஏறும். கட்டுமரக்காரர் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயவைத்ததற்குக் காரணம் இதுவே. கட்டு அவிழ்க்கக்கூடியதாக இருந்தது வசதிக்குறைவு அல்ல. மரத்தின் குணத்துக்கேற்ற தொழில்நுட்பம். 1947இல் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா மரங்களைப் பிணைத்துச் செய்த கொன்-டிக்கி தெப்பத்தில் இதே சிக்கலுக்கு எதிர்மாறான தீர்வு காணப்பட்டது. பெருவிலிருந்து பொலினீசியா வரை 101 நாள் ஓடவேண்டிய தெப்பத்தை இடையில் காயவைக்க இயலாது. எனவே அப்போதுதான் வெட்டிய பச்சை மரங்கள் எடுக்கப்பட்டன. உள்ளிருந்த மரச்சாறு கடல்நீர் உட்புகுவதைத் தடுத்தது. நாளாந்தம் கரை திரும்புபவனுக்கு உலர்ந்த மரம். திரும்பாமல் போகிறவனுக்குப் பச்சை மரம்.

வலைக்கு மிதப்புக்கட்டை செய்வதற்கும் மென்மரங்கள் பயன்பட்டன. கரைவலை போன்ற பெருவலைகளின் மேல்விளிம்பில் மிதப்பும் கீழ்விளிம்பில் பாரமும் இருந்தால்தான் வலை நீரில் சுவராய் நிற்கும். மிதப்புக்கு இன்று பிளாஸ்டிக்கும் ரெஜிபோமும் வந்துவிட்டன. அவை நீர் உறிஞ்சா, உழுத்துப்போகா, ஒரே அளவில் கிடைக்கும். மரக்கட்டையை அவை தோற்கடித்தது தகுதியாலேயே. ஆனால் அறுந்து போனால் மரம் மக்கிவிடும். ரெஜிபோம் பொடிப்பொடியாய் உடைந்து கரையில் வெள்ளை மணலோடு கலந்து கிடக்கும்.

இந்த அறிவு தமிழ்க் கரைக்கு மட்டும் உரியதல்ல. ஹவாய்த் தீவுகளில் முள்முருக்கின் உறவுமரமான விலிவிலி வளர்கிறது. அங்குள்ள மரங்களில் மிக இலேசான அதைக் கொண்டே ஹவாய் மக்கள் வலை மிதப்புகளையும், வள்ளத்தின் பக்கமிதவைகளையும், அலைச்சறுக்குப் பலகைகளையும் செய்தனர். குலத்தலைவர்களுக்குரிய நீண்ட சறுக்குப் பலகைக்கு விலிவிலி மரமே விரும்பப்பட்டது. இரண்டு பெருங்கடல்களின் மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே பேரினத்து மரத்திடம் ஒரே வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள்.

முடியும் பொம்மையும்

மென்மரத்தின் இரண்டாவது களம் செதுக்கல். வெருகல் தொடங்கிப் பாணமை வரை நீளும் மட்டக்களப்புத் தமிழ்ப் பரப்பில் கூத்து விடியவிடிய ஆடப்படும். தலையில் முடியும், தோளில் புயக்கட்டும், மார்பில் பதக்கமும் அணிந்தபடியே ஆட்டக்காரன் துள்ளவும் சுழலவும் வேண்டும். மரத்தைச் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகள் பதித்துச் செய்யும் இந்த அணிகளுக்கு முருக்கு போன்ற பாரம் குறைந்த மரமே ஏற்றது. தேக்கில் செய்த முடியோடு ஒரு கொலுவரவைக்கூட ஆடிமுடிக்க இயலாது. கூத்துமுடி உழுத்துப்போவதும் பெரிய குறையாவதில்லை; அது மழையில் நிற்கும் பொருள் அல்ல, களரி முடிந்ததும் பெட்டிக்குள் போகும் பொருள்.

தென்னிலங்கையின் அம்பலாங்கொடையில் முகமூடிகளைக் கதுரு என்ற மென்மரத்தில் செதுக்குவதும் இதே காரணத்தால்தான். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் அரக்குப் பூசிய பழ பொம்மைகளுக்கு அங்கே பாங்கரா எனப்படும் முள்முருக்கு மரமே பயன்பட்டு வந்தது. ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைக்கு வெண்பொனிகி என்ற இன்னொரு மென்மரம். இந்தக் கைவினைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு உண்டு: செதுக்க எளிதான மரம், அதன் முரட்டு முகத்தை மறைக்கும் மாவுப்பூச்சு, மேலே வண்ணம், கடைசியில் ஈரமும் வண்டும் புகாத மெருகு. மரத்தின் குறையைப் பூச்சு மறைக்கிறது. மரத்தின் இலேசைப் பூச்சு கெடுப்பதில்லை.

கதியால்

கிழக்குக் கரையில் முள்முருக்கின் முதன்மையான பயன் உயிருள்ள வேலி. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கும்போது கைத்தடிமன் கொண்ட, ஆளுயரத் தடிகளை வெட்டி, ஓரிரு நாள் நிழலில் சாத்திவைத்து, அரை மீற்றர் ஆழத்தில் ஊன்றினால் அடுத்த மழைக்குள் வேர்பிடித்துவிடும். இடையில் கிடுகோ மட்டையோ கட்டிக்கொண்டால் அந்த ஆண்டே வேலி. கதியால்கள் தடித்து மரமானதும் கொப்பு வெட்டலாம்; வெட்டிய கொப்பு அடுத்த வேலிக்குக் கதியால். செத்த கம்பம் வைத்த வேலி ஆண்டுக்கு ஆண்டு தேயும். உயிர்க்கதியால் வைத்த வேலி ஆண்டுக்கு ஆண்டு தடிக்கும்.

இலை ஆட்டுக்கு நல்ல குழை, புரதம் நிறைந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வளர்க்கும் வீட்டுக்கும், பாலுக்கு ஆடு கட்டும் வீட்டுக்கும் வேலியே மேய்ச்சல் நிலம். இளந்தளிரை வறையாகவும், அரைத்த சாற்றை அரிசி மாவோடு சேர்த்து ரொட்டியாகவும் மனிதரும் உண்பர்; தடிமனுக்கும் சளிக்கும் அது வீட்டு மருந்து. விதையில் மட்டும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு உண்டு. விளையாட்டுக்காகக் கூடச் சிறுபிள்ளைகள் அதை வாயில் வைக்கலாகாது. வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனை மண்ணில் சேர்ப்பதால், வேலியை அண்டிய மணல்நிலமும் வளம்பெறும். வெற்றிலை, மிளகுக் கொடிகளுக்கு இதை உயிருள்ள கொழுகொம்பாக நடுவதற்கும் இதுவே காரணம்.

ஈழத்துத் தமிழ்த் திருமணங்களில் முள்முருக்கந் தடியைக் கன்னிக்காலாக நாட்டுவது வழக்கம். நாட்டிய தடி தளிர்ப்பது குடும்பம் தழைப்பதற்கு அடையாளம். தளிர்க்குமா என்ற ஐயத்துக்கே இடம் வைக்காத மரத்தைத் தெரிந்தெடுத்ததில் முன்னோரின் தாவர அறிவும் தெரிகிறது.

குளவி

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முள்முருக்குக்கு எதிர்பாராத பகை வந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் அளவேயான ஒரு குளவி தன் முட்டைகளை முருக்கின் இளந்தளிரிலும் காம்பிலும் இடும். புழு உள்ளே வளர வளர, இலை சுருண்டு, முடிச்சு முடிச்சாய்ப் புடைத்து, வளர்ச்சி நின்றுவிடும். ஒரு தலைமுறை மூன்று கிழமைகளுக்குள் முடிவதால் பெருக்கம் மிக வேகமானது. குவாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினே என்று 2004இல் பெயரிடப்பட்ட இக்குளவி, சிங்கப்பூர், மொரீஷியஸ், ரியூனியன் ஆகிய இடங்களில் எடுத்த மாதிரிகளிலிருந்து விபரிக்கப்பட்டது. தாயகம் கிழக்கு ஆபிரிக்கா என்று கொள்ளப்படுகிறது. 2005இல் ஹவாயை அடைந்து விலிவிலி மரங்களை நாசமாக்கியது. அதே காலப்பகுதியில் கேரளத்தில் மிளகுக் கொடி படரவிட்ட முருக்கு மரங்கள் தோட்டம் தோட்டமாய்ப் பட்டுப்போயின. இலங்கையிலும் முருக்கின் கொழுந்துகளில் இந்தப் புடைப்புகள் தோன்றின.

மருந்தடித்து இக்குளவியை ஒழிப்பது வேலிமரத்துக்குக் கட்டுபடியாகாது. ஹவாய் வேறு வழியை எடுத்தது. இக்குளவியின் புழுக்களைத் தின்னும் இன்னொரு குளவியைத் தான்சானியாவில் கண்டெடுத்து, வேறு உயிர்களுக்குத் தீங்கு செய்யாதென்று சோதித்த பின், 2008இல் காட்டில் விட்டது. பல இடங்களில் மரங்கள் மீண்டும் தளிர்த்தன. தாயகத்தை விட்டு வந்த பூச்சியை அதன் தாயகத்து எதிரியால் அடக்குவது உயிரியல் கட்டுப்பாட்டின் அடிப்படை விதி.

அம்பாறைக் கரையோரத்தில் குளவி வந்தது ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த ஒரு வேலிக்குத்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடங்கித் திருக்கோவில், தம்பிலுவில் வரை கரையோர வளவுகள் வீட்டோடும் வேலியோடும் அழிந்தன. திரும்பக் கட்டியபோது வேலியின் இடத்தில் மதிலும், கொங்கிறீற் தூணில் இழுத்த முட்கம்பியும் வந்தன. நெருக்கமான குடியிருப்புகளில் ஓரடி அகலம்கூடக் கணக்கில் வருவதால் மதில் தவிர்க்க இயலாததாயிற்று. எஞ்சிய உயிர்வேலிகளில் பெரும்பாலும் கிளிசிறியா நடப்பட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அதுவும் தடியாய் நட்டால் தளிர்க்கும், ஆட்டுக்குக் குழையாகும், மண்ணுக்கு நைதரசன் தரும்; விறகுக்கு முருக்கைவிட மிக நல்லது. வேலி என்ற அளவில் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் கிளிசிறியா கனத்த, கடினமான மரம். அதில் மிதப்புக்கட்டையும் கூத்துமுடியும் செய்ய இயலாது. வேலி மாறியபோது, ஊரில் கேட்பாரற்றுக் கிடைத்துவந்த மென்மரமும் கூடவே போய்விட்டது. அதற்கென்று ஒருவரும் தனித்தோப்பு வைத்ததில்லை. வேலியே தோப்பாக இருந்தது.

உறவினரும் போட்டியாளரும்

மென்மரத்தின் தேவை உலகில் குறையவில்லை, கூடியே வந்திருக்கிறது. 1940இல் முதன்முதலாகப் பறந்த மொஸ்கிற்றோ போர்விமானத்தின் உடல், மெல்லிய பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டது. இரண்டு வலிய தோல்களுக்கிடையே இலேசான ஒரு நடுப்பொருள் இருந்தால், பாரம் கூடாமலே விறைப்புப் பன்மடங்காகும் என்பது அதன் தத்துவம். இன்றைய காற்றாலை விசிறிகளின் நீண்ட இதழ்களிலும், கண்ணாடியிழைப் படகுகள் சிலவற்றின் தளத்திலும் அதே முறையில் பால்சா இருக்கிறது. உலகின் பால்சாவில் மிகப்பெரும் பங்கு ஈக்குவடோரிலிருந்து வருகிறது. 2020ஐ ஒட்டிக் காற்றாலைக்கான கேள்வி திடீரென ஏறியபோது அங்கே காட்டு மரங்களும் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டன.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இலேசான மரம் என்று வணிகத்தில் நிலைபெற்றது மலைவேம்பு, சிங்களத்தில் லுணுமிதெல்ல. முள்முருக்கைவிடச் சற்றுப் பாரம் கூடினாலும், நேரான நீண்ட அடிமரமும், இளஞ்சிவப்பான வைரமும், ஆணி தாங்கும் உறுதியும் உடையது. முகட்டுப் பலகை, பெட்டி, தீக்குச்சி, ஒட்டுப்பலகை என்று அதன் பயன்கள் பல. தென்னிலங்கையின் ஓரு வள்ளங்களுக்குப் பக்கமிதவையாவதும் அதுவே. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் முயற்சியால் மலைவேம்பு ஒட்டுப்பலகை ஆலைகளுக்கான தோட்டப்பயிராகவே மாறியது. ஆறேழு ஆண்டில் வெட்டுக்கு வருகிறது. பலகையாக அரிய வேண்டிய வேலைக்கு மலைவேம்பு இருக்க, முள்முருக்கைத் தேடுவது வீண். ஆனால் மலைவேம்பு விதை முளைப்பது அரிது. தோட்டமும் காவலும் வேண்டும். முள்முருக்குக்கு ஒரு தடியும் ஒரு மழையும் போதும்.

வெட்டும் முறையும் வேலைத் தெரிவும்

முள்முருக்கை மரமாகப் பயன்படுத்த நினைப்பவர் நேரத்தையே முதலில் கவனிக்க வேண்டும். இம்மரம் பச்சையாக இருக்கும்போது தன் உலர்எடையைவிட அதிக நீரைச் சுமந்திருக்கும். ஆகவே வெட்டியதும் தாமதிக்காமல் பட்டை உரித்து, தேவையான பருமனுக்கு அரிந்து, நிலத்தில் படாமல் குறுக்குச்சட்டங்களின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, நிழலிலும் காற்றோட்டத்திலும் உலர்த்த வேண்டும். கிழக்கில் இதற்கு உகந்த காலம் வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றின் காலம். ஈரம் குறைந்த அந்தக் காற்றில் மரம் நீலம் பாரிக்கும் முன்பே உலர்ந்துவிடும். மாரியில் வெட்டிய மரம் உலரும் முன் பூஞ்சை பிடிக்கும். கதியாலுக்கோ அந்த மாரிதான் உகந்தது. அரிந்த பலகைகளைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து எடுத்தால் வண்டு அண்டாது. ஆனால் அந்த உப்பு மழையில் கரைந்து போகும் என்பதால் வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கே அது பொருந்தும்.

வேலைக்கேற்ற தெரிவு இதிலிருந்து தானே பிறக்கும். நிலத்தில் ஊன்றவும், கூரை தாங்கவும், அடுப்பில் எரிக்கவும் முள்முருக்கு உதவாது. அவற்றுக்குப் பாலையும் முதிரையும் தேக்கும் கிளிசிறியாவும் இருக்கின்றன. கூத்து அணிகலன், முகமூடி, பொம்மை, பாடசாலை மாதிரியுருக்கள், படச்சட்டம், பழப்பெட்டி, களப்புத் தெப்பம், சிறுவலை மிதப்பு ஆகியவற்றுக்கு இது போதும். சிலவற்றுக்கு இதைவிட நல்ல உள்ளூர் மரம் இல்லை. வேலியாக நடும்போது கிளிசிறியா வரிசையில் நான்குக்கு ஒன்றாக முருக்கை ஊன்றினால், குளவி தாக்கினாலும் வேலி விழாது. தாக்கம் இல்லாமல் தளிர்க்கும் மரங்களைப் பார்த்து அவற்றிலிருந்தே தடி எடுத்தால், தாங்கும் ஆற்றல் உள்ள வழி பெருகவும் வாய்ப்புண்டு. தடி வெட்டி நடப்படும் மரம் தாய்மரத்தின் மறுபதிப்பு என்பதால், நல்ல தாயைத் தெரிந்தெடுப்பதே இங்கு விதைத் தெரிவு.